ஆராய்ச்சிக்கு அம்மாப்பேட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் முடித்துவிட்டு சில காலம் வேறு கடைகளில் சம்பளத்துக்கு இருந்தேன், அப்புறம் சொந்தமாகத் தொடங்கினேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தறி ஓட்டுகிறவர்கள், தார் சுற்றுகிறவர்கள், பாவு பிணைக்கிறவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள். நாளெல்லாம் விசைத்தறிச் சத்தத்துக்குள் இருப்பதால் சத்தமாகத்தான் பேசுவார்கள். என்ன நோய், என்ன மாத்திரை என்பதெல்லாம் வாசற்படி ஏறும்போதே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதில் அவர்களுக்குக் கூச்சமும் கிடையாது.

கவுன்டரில் ஒரு பிரஷர் மெஷின் வைத்திருக்கிறேன். பார்க்கக் காசு வாங்குவதில்லை. தலைவலி மாத்திரைக்கு வருகிறவரையும் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிடுவேன். 160, 170 என்று எண் வரும்போது பலருக்கு அது முதல் தடவையாக இருக்கும். "தலை சுத்தல் இல்ல, மயக்கம் இல்ல, எனக்கு எதுக்குக்கா பிரஷர் மாத்திரை?" என்பார்கள். டாக்டர் சீட்டு வாங்கிவந்தாலும் "இப்போதைக்கு அஞ்சு மாத்திரை கொடுங்க" என்று அட்டையை வெட்டச் சொல்வார்கள். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகையும் வண்டி வேடிக்கையும் முடிந்த வாரம் மெஷினில் எண்கள் எல்லாம் ஏறி நிற்கும். பண்டிகைக் கொண்டாட்டத்தில் மாத்திரையை விட்டிருப்பார்கள்.

நெஞ்சு கரிக்கிறது, வாயு மாத்திரை கொடுங்கள் என்று வருகிறவர்கள்தான் எனக்குப் பெரிய பயம். வேர்த்திருக்கிறதா, இடது கை இழுக்கிறதா, தாடை வரை வலிக்கிறதா என்று கேட்பேன். ஒன்றுக்காவது ஆமாம் என்றால் மாத்திரை தரமாட்டேன். ஆட்டோ வரவழைத்து நேராக பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டுத் தறிக்கே போய்விடுவார்கள். அவர்கள் மறுநாள் கடைப்பக்கம் வரும்வரை எனக்கு மனசு கேட்காது.

இதை எழுதத் தூண்டியவர் இப்படி ஒரு வாடிக்கையாளர்தான். வயது 38. இரவு ஷிப்ட் தறி ஓட்டுகிறவர். பீடி உண்டு. அவருடைய அப்பா ஐம்பது தாண்டவில்லை. பிரஷர் 150-க்கு மேல் இருந்தது. உப்பைக் குறையுங்கள், பீடியை விடுங்கள், டாக்டரைப் பாருங்கள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிக்கா. எனக்கு அட்டாக் வருமா, வராதா? அதச் சொல்லுங்க" என்றார்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. வயது, ஆணா பெண்ணா, பிரஷர், கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் இவற்றை வைத்து, அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு என்று வண்ணக் கட்டங்களில் காட்டும். தெற்காசியாவுக்கென்று தனி அட்டவணையும் உண்டு. செல்போனில் அதைத் திறந்து அவருக்குக் காட்டலாம் என்று பார்த்தேன். அட்டவணை நாற்பது வயதில்தான் தொடங்குகிறது. 38 வயதுக்காரருக்கு அதில் கட்டமே இல்லை.

நம் ஆட்களுக்கு நாற்பதிலிருந்து கணக்குப் பார்ப்பது எவ்வளவு தாமதம் என்பது தெரியாத விஷயமும் அல்ல. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. அந்தத் தரவை வைத்து 2007-இல் வந்த கட்டுரையில், முதல் மாரடைப்பு வரும் வயது தெற்காசியர்களுக்குச் சராசரியாக 53 என்றும், மற்ற நாட்டவர்களுக்கு 58.8 என்றும் கண்டார்கள். ஏறக்குறைய ஆறு ஆண்டு முன்னால் வருகிறது. பிள்ளை காலேஜில் சேரும் வயது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயது, தறிக்கு வாங்கிய கடன் இன்னும் முடியாத வயது அது. அப்படியிருக்க, முன்கூட்டியே சொல்ல வேண்டிய அட்டவணை நம் ஆட்களுக்குத்தான் இன்னும் முன்னால் தொடங்க வேண்டும்.

அந்த அட்டவணை எதிலிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 85 நீண்டகால ஆய்வுகளில் இருந்த சுமார் 3,76,000 பேருடைய விவரங்கள்தான் அடிப்படை. அவற்றில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை. அந்தக் கணக்கை எடுத்து, நம் பகுதியின் நோய், இறப்பு மதிப்பீடுகளுக்கு ஏற்றபடி திருத்தியிருக்கிறார்கள். செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கையில் இருந்ததைக் கொண்டு நேர்மையாகச் செய்திருக்கிறார்கள். ஆனாலும் வேறொருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் பிரித்து நமக்குப் பிடித்துக்கொடுத்த மாதிரிதான் அது. நம் உடம்புக்கு அளவெடுத்தவர்கள் மிகக் குறைவு. அளவெடுக்கப் பல பத்தாண்டுகளும் பொதுப் பணமும் வேண்டும்.

பொதுப் பணம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்டுக்கு 1941-இல் பிரஷர் 188/105. இன்று அம்மாப்பேட்டையில் யாருக்காவது அந்த எண் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். ஆனால் வயதானால் பிரஷர் ஏறுவது இயல்பு என்றுதான் அன்றைக்கு மருத்துவர்களே நம்பினார்கள். 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அவர் இறந்தபோது பிரஷர் 300/190 இருந்தது. உலகின் பலம் வாய்ந்த பதவியில் இருந்தவர், கூடவே ஒரு டாக்டரை வைத்திருந்தவர். அப்படியும் காப்பாற்ற முடியவில்லை, ஏனென்றால் அறிவே அப்போது இல்லை.

மூன்று ஆண்டு கழித்து, 1948 ஜூனில், அடுத்த அதிபர் ட்ரூமன், இதயநோய் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் கொடுக்கும் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். சுமார் 28,000 பேர் வாழ்ந்த, தொழிற்சாலைகள் உள்ள சாதாரண ஊர். அங்கிருந்து 30 முதல் 62 வயது வரையிலான 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டு ரத்தம் எடுத்து, ஈ.சி.ஜி. பார்த்து, என்ன சாப்பிடுகிறீர்கள், புகைப்பீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். மருந்து எதையும் சோதிக்கவில்லை. யாருக்கு நோய் வருகிறது, வந்தவருக்கு வருவதற்கு முன் என்ன இருந்தது என்று காத்திருந்து பார்த்தார்கள்.

முதல் உருப்படியான முடிவு வர ஏறக்குறைய பத்து ஆண்டு ஆனது. 1957-இல் உயர் ரத்த அழுத்தம் இதயநோயோடு சேர்ந்து வருவதைக் காட்டினார்கள். அப்புறம் சிகரெட், கொழுப்பு. இன்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த "பிரஷர் இருந்தா ஹார்ட்டுக்கு ஆகாது" என்ற அறிவு அந்த ஊர்க்காரர்கள் கையை நீட்டியதால் வந்தது.

அதையும் நிறுத்தப் பார்த்தார்கள் என்று படித்தபோது திகைத்துப்போனேன். 1960-களின் கடைசியில், கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது என்ற எண்ணத்தில் அரசு நிதியை நிறுத்த முடிவெடுத்தார்கள். ஆய்வை நடத்திய டாக்டர் தாமஸ் டாபர் வெளியே நன்கொடை திரட்டி உயிரோடு வைத்திருந்தார். பிறகு அரசு நிதி திரும்பவும் வந்தது. 1971-இல் முதல் தலைமுறையின் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், 2002-இல் பேரப்பிள்ளைகளை. அன்றைக்கு மூடியிருந்தால், அப்பாவுக்கு இருந்தது பிள்ளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு அந்த ஊரிலிருந்து கிடைத்திருக்காது. என் 38 வயது வாடிக்கையாளர் கேட்டதும் அந்தக் கணக்கைத்தான்.

ஒருநாள் கடைக்கு வந்த மருந்து கம்பெனிப் பிரதிநிதியிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல பையன், படித்தவன். "மேடம், கம்பெனிங்க ஆராய்ச்சி பண்ணலன்னா மருந்தே வந்திருக்காதே" என்றான். அவன் சொன்னதில் உண்மை உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துக்கு வழிதிறந்த அகிரா எண்டோ ஜப்பானில் ஒரு மருந்து கம்பெனியில்தான் வேலை பார்த்தார். ஒரு பூஞ்சையிலிருந்து அதை எடுத்தார். அதை மறுக்கவே முடியாது. ஆனால் கொழுப்பைக் குறைப்பது எதற்கு என்பதை நிலைநாட்டிய வேலையில் ஃபிரேமிங்ஹாமுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவனுக்கு இன்னொரு கதையும் சொன்னேன். அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் 1994-இல் ஆல்ஹாட் என்ற ஆய்வைத் தொடங்கியது. பிரஷருக்குப் புதிதாக, விலை கூடுதலாக வந்த மாத்திரைகள் பழைய மாத்திரையைவிட உண்மையிலேயே மேலா என்பது கேள்வி. 33,357 பேரிடம் பழைய நீர் மாத்திரையான குளோர்தாலிடோனை, அம்லோடிபின், லிசினோபிரில் இரண்டோடும் ஒப்பிட்டார்கள். 2002-இல் முடிவு வந்தது. மாரடைப்பைத் தடுப்பதில் புதியவை எதுவும் பழையதை மிஞ்சவில்லை. இதயம் பலவீனமாவதைத் தடுப்பதில் பழையதே மேலாக இருந்தது. இந்தக் கேள்வியை எந்தக் கம்பெனி தானாக முன்வந்து கேட்கும்? பழையதே போதும் என்று விடை வந்தால் புது மாத்திரைக்காரருக்கு நட்டம், பழைய மாத்திரையில் யாருக்கும் பெரிய லாபமே இல்லை. ஆனால் மாத்திரைக்கு அட்டையை வெட்டச் சொல்லும் என் வாடிக்கையாளருக்கு அந்த விடை சோற்றுக்கும் மருந்துக்கும் இடையிலான கணக்கு.

உப்பு விஷயமும் இப்படித்தான். சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களுக்கு முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. எல்லோரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது பிரஷர் உள்ள, அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள். சுமார் ஐந்து ஆண்டு பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவில் கலப்பு உப்பு சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது, இறப்பு 12 சதவீதம் குறைந்திருந்தது. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு மன்றம் பணம் கொடுத்தது. சமையலறை உப்பு டப்பாவை மாற்றியதற்கு இவ்வளவு பலன். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறக்கூடாது. இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். 2025-26 மத்திய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு மொத்தம் சுமார் 99,859 கோடி ரூபாய். அதில் சுகாதார ஆராய்ச்சித் துறைக்குச் சுமார் 3,901 கோடி. 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஆண்டுக்கு 28 ரூபாய் வருகிறது. காசநோய், புற்றுநோய், டெங்கு, தாய்சேய் நலம், ஆய்வகக் கட்டடங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். அதில் இதயத்துக்கு ஒரு பங்கு, அந்தப் பங்கில் வருமுன் காப்பதற்கு ஒரு துண்டு. வேறு அமைச்சகங்களின் கீழும் கொஞ்சம் ஆய்வுப் பணம் இருக்கிறது என்பது தெரியும். அதையும் சேர்த்தாலும், நாட்டு இறப்புகளில் நூற்றுக்கு 28-க்குக் காரணமான நோய்க்கு இது போதாது. 2016-ஆம் ஆண்டுக் கணக்கு அது: இதயநோயும் பக்கவாதமும் சேர்ந்து 28 சதவீதம்.

கிடைத்த பணத்தில் நம்மவர்கள் சாதித்தது எனக்குப் பெருமை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பெருந்துறை தண்டபாணியும் சக ஆய்வாளர்களும், இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போவதை ஆராய்ந்தார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அந்த மாற்றம் உண்டு என்றும், நடுவயதுக்கு மேல் இதயம் செயலிழக்கும் ஆபத்தை அது கூட்டுகிறது என்றும் 2009-இல் உலகுக்குச் சொன்னார்கள். நூற்றில் நான்கு பேர் என்றால், எங்கள் தெருவிலேயே பலர் இருப்பார்கள். கண்டுபிடித்தாகிவிட்டது, சரி. அந்தப் பலரில் யாருக்கு ஐம்பதில் வரும், யாருக்கு எண்பது வரை ஒன்றும் ஆகாது என்று அறிய வேண்டுமானால் அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பணத்தில், சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நாடு முழுக்க நடத்திய இந்தியாப் (INDIAB) என்ற ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 31.5 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று அது மதிப்பிட்டது. அருமையான வேலை. ஆனால் ஒரு கட்டத்தில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்று எண்ணுவது ஒரு வகை ஆய்வு. அதே ஆட்களுக்கு இருபது ஆண்டுகளில் என்ன ஆகிறது என்று கூடவே போய்ப் பார்ப்பது வேறு வகை. சென்னை, டெல்லி, கராச்சியில் 2010 முதல் நடந்த கார்ஸ் ஆய்வு இரண்டாவது வகை. அதற்குப் பெரும் பணம் அமெரிக்காவின் அதே இதய ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. சென்னைக்காரர்களின் இதயத்தைப் பின்தொடர அமெரிக்க மக்களின் வரிப்பணம் உதவியிருக்கிறது. அந்த மக்களுக்கு நன்றி. அதை நம் வரிப்பணத்தில் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது.

தொடங்கியும் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். ஃபீனோம் இந்தியா என்ற ஆய்வைத் தொடங்கியது. சர்க்கரை, கல்லீரல், இதய நோய்கள் யாருக்கு வரும் என்று நம் நாட்டவரின் தரவை வைத்தே முன்கூட்டிச் சொல்லும் கணக்கை உருவாக்குவது நோக்கம். சுமார் 10,000 பேர். யார் அந்தப் பத்தாயிரம் பேர் என்று பார்த்தால், சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களின் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் அவர்களுடைய கணவன் மனைவியரும். திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் என்பதால் அவர்களிடம் தொடங்கியது புத்திசாலித்தனம். என்றாலும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் உள்ளவர்களின் உடம்பு, விடிய விடிய நின்று தறி ஓட்டுகிறவரின் உடம்பு ஆகாது.

எங்கள் பகுதியில் கேட்க எவ்வளவு கேள்விகள் இருக்கின்றன! விசைத்தறிச் சத்தம் காதைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், பிரஷரை இருபது ஆண்டில் என்ன செய்கிறது? இரவு ஷிப்டையும் பகல் ஷிப்டையும் வாரம் மாற்றி மாற்றிப் பார்க்கிறவரின் சர்க்கரை எப்படிப் போகிறது? செவ்வாப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்குப் பற்றவைக்கும்போது புகைக்குள் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்களின் ரத்தக்குழாய்கள்? மாதவிலக்கு நின்ற பிறகு தார் சுற்றும் பெண்களுக்குப் பிரஷர் ஏறுவதைக் கவுன்டரில் பார்க்கிறேன், அதில் எவ்வளவு வயது, எவ்வளவு வேலைச் சுமை? ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேடு பள்ளம் ஏறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு இதயநோய் குறைவாக இருக்கிறதா? அவர்கள் பிள்ளைகள் கீழே இறங்கி வந்து சேலத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கத் தொடங்கியதும் அது மாறுகிறதா? மலையும் நகரமும் இவ்வளவு பக்கத்தில், ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. ஆய்வாளருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

அடித்தளமும் போட்டாகிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. தன்னார்வலர் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். பயனாளிகள் 2 கோடியைத் தாண்டிவிட்டதாக அரசு அறிவித்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. எங்கள் வார்டுக்கு வரும் பெண் வெயிலில் அலைந்து களைத்துப்போய் என் கடையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். என் கடையில் பிரஷர் மாத்திரை விற்பனை குறைந்ததற்கு அவளும் ஒரு காரணம், எனக்கு அதில் முழுச் சந்தோஷம். 2023-இல் இதயம் காப்போம் திட்டமும் வந்தது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், ரத்தம் உறையாமலிருக்கவும் கொழுப்பைக் குறைக்கவும் 14 மாத்திரைகளை ஒரே வேளையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வர வேண்டியவருக்கு அந்த முதல் வேளை எவ்வளவு முக்கியம் என்று மருந்துக் கடைக்காரிக்குத் தெரியும்.

ஆக, கோடிக்கணக்கான பிரஷர் எண்கள் ஏற்கெனவே பதிவாகின்றன. அந்த எண்ணுக்கு உரியவருக்குப் பிறகு என்ன ஆனது என்பது அதனோடு சேர்ந்தால்தான் அது ஆராய்ச்சியாகும். எங்கே அறுபடுகிறது என்றால், இறப்பில். இந்தியாவில் 2020-இல் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. மீதிப் பேர் எதனால் போனார்கள் என்பது குடும்பத்துக்கு மட்டும் தெரியும், சில நேரம் குடும்பத்துக்கும் தெரியாது.

என் தாய்மாமா 47 வயதில் போனார். அவரும் தறிக்காரர்தான். ராத்திரி நெஞ்சில் பாரம் என்று பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனார், வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. விடிவதற்குள் வீட்டிலேயே உயிர் போய்விட்டது. அதற்கு முன் எந்த வருடத்திலும் அவருக்கு யாரும் பிரஷர் பார்த்ததாக அத்தைக்கு நினைவில்லை. சுடுகாட்டுச் சீட்டுக்கு "இயற்கை மரணம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் பெயர் எந்தக் கணக்கிலும் இதயநோயில் சேரவில்லை. இந்த ஊரில் அப்படிச் சேராமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

வீட்டில் நடந்த இறப்புகளுக்கு, பயிற்சி பெற்றவர் ஒருவர் சில வாரம் கழித்துக் குடும்பத்தாரிடம் உட்கார்ந்து, வலி எங்கே வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, வேர்த்ததா என்று முறையாகக் கேட்டு எழுதி, மருத்துவர்கள் அதைப் படித்துக் காரணத்தைக் கணிக்கும் முறை இருக்கிறது. இந்தியாவில் பத்து லட்சம் இறப்பு ஆய்வு என்று பதிவாளர் நாயகம் அலுவலகமே இதைப் பெரிய அளவில் நடத்தியிருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அம்மாப்பேட்டையிலும் ஏற்காட்டிலும் செய்யச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும், பத்து ஆண்டுக்கு நிற்காத பணம் வேண்டும்.

பணம் நிற்காமல் வர வேண்டும் என்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. நம் ஊரில் திட்டத்துக்குத் தொடக்க விழா நடக்கும், மூன்று ஆண்டில் நிதி முடியும், சேர்த்த பதிவேடுகள் பீரோவுக்குள் போகும். இதயம் மூன்று ஆண்டில் பதில் சொல்லாது. ஃபிரேமிங்ஹாமில் முதல் பதிலுக்கே பத்து ஆண்டு ஆனது. இன்று 25 வயதுத் தறிக்காரரைச் சேர்த்தால் அவர் 45 ஆகும்போதுதான் நமக்குத் தெரிய வேண்டியது தெரியும். அதற்குள் எத்தனை தேர்தல் வந்து போனாலும் அந்தப் பதிவேடு மூடப்படாதபடி சட்டத்திலேயே நிதியைக் கட்டிவைக்க வேண்டும். 1948-இல் அவர்கள் சட்டம் போட்டும் இருபது ஆண்டில் நிறுத்தப் பார்த்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

விவரங்களைக் கொடுக்கும் மக்களுக்கும் உரிமை வேண்டும். ரத்தம் எடுத்தால் முடிவைத் தமிழில் எழுதி வீட்டுக்குத் தர வேண்டும். பிரஷர் அதிகம் என்று தெரிந்தால் அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும், ஆய்வுக்காக யாரையும் அப்படியே விட்டுப் பார்க்கக்கூடாது. ஒருநாள் கூலி போனால் அதைக் கொடுக்க வேண்டும். அவர்கள் தரவை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ வேறு யாருக்கோ விற்கக்கூடாது. இவ்வளவும் இருந்தால் எங்கள் ஆட்கள் கையை நீட்டுவார்கள். என் கவுன்டரில் தினமும் நீட்டுகிறார்கள்.

இதையெல்லாம் மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறேன். நகல்கள் எங்கள் எம்.பி.க்கும், மாநில சுகாதாரத் துறைக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியையும் பெரியார் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து, சேலம் நகரத்திலும் சேர்வராயன் மலையிலும் 25 வயதிலிருந்து ஆட்களைச் சேர்த்து, குறைந்தது இருபது ஆண்டு நடக்கும் ஓர் இதய ஆய்வு வேண்டும் என்பதே கோரிக்கை. மனுவில் கையெழுத்துப் போட விரும்பும் அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை, செவ்வாப்பேட்டைக்காரர்கள் கடைக்கு வரலாம். முதல் கையெழுத்து அந்த 38 வயதுக்காரருடையது. அவர் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், அட்டையை வெட்டச் சொல்வதில்லை. வருகிறவர்கள் கையெழுத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்கார வேண்டியிருக்கும், பிரஷர் பார்த்துவிட்டுத்தான் பேனா தருவேன்.